ஹென்றி தின்ற அஷ்டமிப் பொங்கல்

அந்த பிஸ்கட்டைப் பைக்குள் வையுங்கள் சார். உங்களிடம்தான் சொல்கிறேன். நாய் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே நாய்க்கு சாக்லேட் கிரீம் பிஸ்கட்டைப் பிட்டுப் போடுகிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நின்று பிக்பாக்கெட் அடிப்பதுபோல இருக்கிறது. அரை பிஸ்கட்தான் உள்ளே போயிருக்கிறதா? சரி. கூப்பிட்டதும் முதல் வேலையாக அதை டாக்டரிடம் சொல்லுங்கள். "தடுப்பூசிக்குத்தானே வந்தோம், அதையெல்லாம் எதற்குச் சொல்ல வேண்டும்" என்று மழுப்பக் கூடாது. என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு, எப்போது, மூன்றையும் சொல்ல வேண்டும். அந்த உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதையும் காட்ட வேண்டும். நாய் எத்தனை கிலோ? தெரியாதா? நன்றாயிருக்கிறது போங்கள். பொமரேனியனைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடத் தெரிகிறது, எடை தெரியவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். என் வாய் அப்படி. கான்வென்ட்டில் படிக்கும்போதே சிஸ்டர் பெர்னதெத் சொல்வார், "ஹேமா, கடவுள் உனக்கு இரண்டு காது, ஒரு நாக்கு கொடுத்தார். நீ அதை மாற்றிப் புரிந்துகொண்டாய்" என்று. என் வீட்டுக்காரர் தாயுமானவனிடம் கல்யாணமான புதிதில் இதை வேடிக்கையாகச் சொல்லித் தொலைத்தேன். இன்றுவரை அந்த சிஸ்டர் ஏதோ அவருடைய சொந்த அத்தை மாதிரி மேற்கோள் காட்டுகிறார்.

இதோ என் காலடியில் துவண்டு கிடக்கிறானே, இவன் ஹென்றி. முன்னங்காலில் பிளாஸ்திரி போட்டிருக்கிறது பாருங்கள், அதற்குள் ஊசி இருக்கிறது. முந்தாநாளிலிருந்து டிரிப்ஸ். எதனால் என்று கேளுங்கள். சர்க்கரைப் பொங்கலால். சிரிக்காதீர்கள். பொங்கலில் கிடந்த உலர்ந்த திராட்சையால். திராட்சை, பச்சையோ உலர்ந்ததோ, நாயின் கிட்னியைப் பிடித்துவிடுமாம். எல்லா நாய்க்கும் இல்லை. ஒரு நாய் ஒரு கிண்ணம் தின்றுவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு போகும், இன்னொன்றுக்கு நாலைந்து பழமே போதும். நம் நாய் எந்த ரகம் என்பது தின்ற பிறகுதான் தெரியும். நல்ல ஏற்பாடு!

இப்போது இவன் ஒரே ஒரு காரியம் செய்ய வேண்டும். ஒன்றுக்குப் போக வேண்டும்.

ஆமாம் சார், மூத்திரம். அந்த வார்த்தையை நான் வாழ்நாளில் வாய்விட்டுச் சொன்னதில்லை. "நம்பர் ஒன்" என்றுதான் வழக்கம். இங்கே வந்ததிலிருந்து வேறு வார்த்தையே வாயில் வருவதில்லை. அத்தனை பாட்டில் உள்ளே இறங்கியும் நேற்று முழுக்க ஒரு ஸ்பூன் அளவு. இன்று காலையிலிருந்து அதுவும் இல்லை. டாக்டர் அன்வர் ஓர் ஊசி போட்டுவிட்டுச் சொன்னார், "சாயந்தரத்துக்குள்ள நல்லா போயிட்டான்னா தப்பிச்சுக்குவாம்மா. போகலேன்னா கிட்னி நின்னுபோச்சுன்னு அர்த்தம். அதுக்கப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல." வெளியே கூட்டிப் போய் வேப்பமரத்தைக் காட்டினேன், லைட் கம்பத்தைக் காட்டினேன், நிறுத்தி வைத்திருந்த யாரோ ஒருவருடைய புது காரின் டயரைக்கூடக் காட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்கிறான். வெயிலே இறங்கிவிட்டது பாருங்கள்.

யார் செய்த வேலை என்று கேட்கிறீர்களா? வாசல் பக்கம் தூணோரம் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு ஒருத்தி உதட்டை அசைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். ஐயோ, அப்படிப் பட்டென்று திரும்பிப் பார்க்காதீர்கள்! நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

கோமளவல்லி. தில்லைநகரில் எங்கள் அப்பார்ட்மெண்டில் எதிர்வீடு. என்னைவிட இரண்டு வயது மூத்தவள், என்னைப் போய் "ஹேமாக்கா" என்பாள். இதிலிருந்தே ஆள் எப்படிப்பட்டவள் என்று புரிந்துகொள்ளலாம். அவள் பையனுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, பெண் அமையவில்லை. உறையூர்ப் பக்கம் யாரோ ஒரு ஜோசியர், தேய்பிறை அஷ்டமிதோறும் ஒரு கறுப்பு நாய்க்குக் கையால் சோறு போடு, நாய் பைரவருடைய வாகனம், தடையெல்லாம் விலகும் என்று சொல்லிவிட்டார். சாதாரணக் கறுப்பு இல்லை. உடம்பில் ஒரு பொட்டு வெள்ளை இருக்கக் கூடாதாம். இவளும் தெருத்தெருவாக அலைந்திருக்கிறாள். ஒன்றுக்கு மார்பில் வெள்ளை, ஒன்றுக்குப் பாதத்தில் வெள்ளை. ஒரு நாயைப் புரட்டிப் போட்டு வயிற்றைப் பார்க்கப் போய்க் கடி வாங்காத குறை. கடைசியில் ஒருநாள் நான் கதவைத் திறக்கிறேன், இவன் வெளியே வருகிறான், இவள் அப்படியே கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள்.

"அக்கா! இத்தனை நாளா பைரவர் எதிர்த்தாப்பலயே இருந்திருக்காரே!"

"இவன் பேரு ஹென்றி. இவனுக்கு ஜாதகத்துல நம்பிக்கை கிடையாது" என்றேன்.

நாட்டு நாய்தான் சார், ஒளிப்பானேன். ஆனால் முழுக்க முழுக்க இங்கிலீஷில் வளர்த்திருக்கிறேன். 'சிட்' என்றால் உட்காருவான். 'ஸ்டே' என்றால் நகர மாட்டான். தாயுமானவன்கூட அவ்வளவு படிந்தவர் இல்லை. அப்பேர்ப்பட்டவன், கோமளா கையில் தட்டோடு நின்று "வாடா என் ராசா" என்றால் போதும், படித்த இங்கிலீஷையெல்லாம் மறந்துவிட்டு ஓடுவான்.

முதல் அஷ்டமிக்குத் தயிர் சாதம் கொண்டுவந்தாள். சண்டை போட்டேன். அடுத்ததற்கு மிளகு வடை. சண்டை போட்டேன். அதற்குள் விஷயம் அப்பார்ட்மெண்ட் முழுக்கப் பரவிவிட்டது. வேலை போனவர், வழக்கு நடத்துகிறவர், மாமியாரைப் பிடிக்காதவள் என்று அஷ்டமி வந்தால் என் வாசலில் கியூ. காலிங்பெல்லை அடித்துவிட்டு, "பைரவர் இருக்காரா?" என்கிறார்கள். ஏதோ டென்டிஸ்ட் இருக்கிறாரா என்று கேட்பதுபோல.

விடுவேனா? அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து நின்றேன். நெட்டில் படித்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னேன். சாக்லேட் கூடாது, காபி கூடாது, அவகாடோ கூடாது, மக்கடாமியா கொட்டை கூடாது. ஒருவர் எழுந்து, "மேடம், மக்கடாமியான்னா என்ன மேடம்?" என்றார். "அது தெரியாதவங்க நாய் பக்கமே வரக் கூடாது" என்று உட்கார வைத்தேன். நானும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. அது வேறு விஷயம். வெங்காயம், பூண்டு கூடாது, ரத்தத்தைக் கெடுக்கும், ஆகவே சாம்பார் சாதமும் பிரியாணியும் கொண்டுவந்து நீட்டாதீர்கள் என்றேன். சர்க்கரை இல்லாத மிட்டாய் கூடாது என்றேன். அதில் சைலிட்டால் என்று ஒன்று இருக்கும் சார், மனுஷனுக்கு ஒன்றும் செய்யாது, நாய்க்குக் கொஞ்ச நேரத்தில் சர்க்கரை இறங்கி விழுந்துவிடும். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. பாவம், அன்றிலிருந்து அந்த மிட்டாயை பால்கனியில் கதவைச் சாத்திக்கொண்டு சிகரெட் பிடிக்கிறவர் மாதிரி சப்பிவிட்டு வருகிறார்.

இவ்வளவும் சொன்னேன். யாராவது கேட்டார்களா? கோமளா அடுத்த அஷ்டமிக்கே வெண்பொங்கல்.

இந்தத் தடவை காலையில் வந்தாள். நான் பெங்களூரில் இருக்கிற என் தங்கையோடு போனில் இருக்கிறேன். அவள் சம்பந்தி வீட்டுக்காரர்கள் வளைகாப்பில் செய்த அட்டூழியத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், மிக முக்கியமான இடம். அந்த நேரம் பார்த்துக் கதவருகில் நின்றுகொண்டு கோமளா கேட்கிறாள்.

"அக்கா, நீங்க சொன்னது யோசிச்சுப் பார்த்தேன். எனக்குத்தான் ஒண்ணும் தெரியல. இனிமே உங்களைக் கேட்டுட்டுத்தான் எதுவும் கொடுப்பேன். வெங்காயம் பூண்டு இல்லாம சர்க்கரைப் பொங்கல் பண்ணட்டுமா? வெல்லம் கம்மியா?"

"ம்" என்றேன்.

"முந்திரி, திராட்சை போடலாமா அக்கா?"

போனைப் பொத்திக்கொண்டு, "பழம்தானே, ஃப்ரூட்ஸ் உடம்புக்கு நல்லது, போட்டுத் தொலை" என்றேன்.

நீங்களே சொல்லுங்கள் சார். ஒரு மனுஷி போனில் பேசிக்கொண்டிருக்கும்போது கேட்கிற கேள்வியா இது? நான் சரி என்றால் உடனே சரி என்று எடுத்துக்கொண்டு போய்விடுவதா? சொந்தமாக மூளை என்று ஒன்று வேண்டாமா? இத்தனை மாதமாக நான் சொன்ன ஒரு வார்த்தையைக் காதில் வாங்காதவள், அன்றைக்குப் பார்த்துக் கேட்டாள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

வாழையிலையில் வைத்து எடுத்துவந்தாள். நெய் வாசனை மாடிப்படி வரைக்கும். திராட்சை ஒவ்வொன்றும் நெய்யில் உப்பி கோலி மாதிரி இருந்தது. "அக்கா நல்லதுன்னு சொன்னீங்களேன்னு ரெண்டு கை கூடவே அள்ளிப் போட்டேன்" என்றாள். பெருமை வேறு. ஹென்றி இலையை நக்கிய நக்கில் அதைக் கழுவி மறுபடி யாருக்காவது சாப்பாடு போட்டிருக்கலாம்.

மத்தியானம் வாந்தி எடுத்தான், தாயுமானவனுடைய செருப்பின் மேல். எனக்கு உடனே புரிந்துவிட்டது. கீழே போய் செக்யூரிட்டி குணசேகரைப் பிடித்தேன்.

"பிரியாணி எலும்பைத்தானே போட்டே?"

"மேடம், நான் மாலை போட்டிருக்கேன் மேடம்."

கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, நெற்றி நிறைய விபூதியோடு நிற்கிறான். "மாலை போட்டா எலும்பு போட மாட்டியா?" என்று கேட்டுவிட்டு மேலே வந்துவிட்டேன். ஒரு பேச்சை ஆரம்பித்தால் முடிக்க வேண்டாமா?

தாயுமானவன், "ஹேமா, டாக்டருக்கு ஒரு போன் போட்டுடலாமே" என்றார். "நாய்னா வாந்தி எடுக்கும், நீங்க பேப்பர் படிங்க" என்று சொல்லிவிட்டு, வயிற்றில் இருப்பதெல்லாம் வந்துவிடட்டும் என்று உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றினேன். அதைப் பண்ணவே கூடாதாம் சார். டாக்டர் பிறகு கத்தினார். "உப்பு அதிகமாப் போனா நாய்க்கு வலிப்பு வரும். வீட்ல எதையும் ஊத்தி வாந்தி எடுக்க வைக்காதீங்க, பால், மோர், எண்ணெய்னு கை வைத்தியமும் வேண்டாம், முதல்ல எனக்கு போன் பண்ணுங்க, என்ன செய்யணும்னு நான் சொல்றேன். யாரும்மா உப்புத் தண்ணி குடுத்தது?" என்றார். "யாரோ குடுத்திருக்காங்க டாக்டர்" என்றேன். வீடு என்றால் நாலு பேர் வந்து போகத்தானே செய்வார்கள்?

அது பிறகு. முதலில் சாயந்தரம் இவனைத் தூக்கிக்கொண்டு வந்தோம். வாந்தி நிற்கவே இல்லை. பந்தைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். டாக்டர் கேட்டார், "என்ன சாப்பிட்டான்?"

"அவிச்ச கோழி, சாதம். டயத்துக்கு."

"வேற?"

"வேற எதுவும் தொட மாட்டான். டிசிப்ளின்டு டாக்."

பக்கத்தில் தாயுமானவன் இருமினார். நான் ஒரு பார்வை பார்த்ததும் இருமல் நின்றுவிட்டது. பொங்கல் நினைவுக்கு வரவில்லையா என்றால், வந்தது. ஆனால் அது சாப்பாடா சார்? பிரசாதம். அதோடு, அசோசியேஷனில் அத்தனை பேருக்கும் பாடம் எடுத்த நான், என் நாய் வாசலில் இலை போட்டு ஊரார் சோறு தின்கிறது என்று என் வாயாலேயே சொல்வதா? டாக்டரும் வாந்தி நிற்க ஓர் ஊசியைப் போட்டு, "சரியாகலேன்னா காலைல வாங்க" என்று சொல்லிவிட்டார். காரில் ஏறப்போகிறோம். ஒரு ஆட்டோ வந்து நிற்கிறது. கோமளா. தலைகூட வாரவில்லை. கையில் எவர்சில்வர் டப்பா. குணசேகர் சொல்லியிருக்கிறான், வேறு யார்.

நேரே உள்ளே போனாள். ஊரே உட்கார்ந்திருக்கிறது, அத்தனை பேர் முன்னாலும், "டாக்டர், காலைல நான்தான் அவனுக்குப் பொங்கல் குடுத்தேன், மிச்சம் இதுல இருக்கு, பாருங்க" என்கிறாள். மானம் போயிற்று. டாக்டர் டப்பாவைத் திறந்து ஸ்பூனால் கிளறினார். கிளறினவர் கை நின்றுவிட்டது.

"எத்தனை மணிக்குக் குடுத்தீங்க? எவ்வளவு திராட்சை இருந்திருக்கும்?"

எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் சொன்னாள். "வீட்டுக்காரங்களைக் கேட்டீங்களா?" என்றார் டாக்டர். அதற்கு அவள் சொன்ன பதிலைக் கேளுங்கள் சார்.

"இல்ல டாக்டர். அக்கா வேண்டாம்னுதான் எப்பவும் சொல்வாங்க. நான்தான் கேட்காம போட்டுட்டேன்."

பார்த்தீர்களா? கூசாமல் பொய்! என்னைக் கேட்டுவிட்டுத்தான் போட்டாள், முந்திரி திராட்சை என்று பேர் சொல்லிக் கேட்டாள், நான் சரி என்றேன். டாக்டர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்கிறாள். இவள் பேச்சை எப்படி நம்புவது? அப்போதே மறுத்திருக்கலாமே என்கிறீர்களா? இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. நான் வளர்ந்த விதம் அப்படி.

டாக்டர் உடனே ஆளைக் கூப்பிட்டு டிரிப்ஸ் போடச் சொன்னார். "தின்ன கையோட வந்திருந்தா நானே வாந்தி எடுக்க வெச்சு வெளிய எடுத்திருப்பேன். இப்ப ரத்தத்துல கலந்திருக்கும், கிட்னியைக் கழுவிக்கிட்டே இருக்கணும். இந்தம்மா வந்து சொல்லலேன்னா காலைல நீங்க எதைத் தூக்கிட்டு வந்திருப்பீங்களோ" என்றார். புளியும்கூட இதே மாதிரி கெடுதல் செய்யலாம் என்று இப்போது சந்தேகப்படுகிறார்களாம். அதைக் கேட்டதும் தாயுமானவன் மறுபடி இருமினார். ஞாயிற்றுக்கிழமை மிஞ்சின புளியோதரை ஞாபகம் வந்திருக்கும். சந்தேகம்தானே சார், நிரூபிக்கவா செய்துவிட்டார்கள்?

அன்றிலிருந்து இவளோடு நான் பேசுவதில்லை. வராதே என்று சொல்லவும் பேச வேண்டுமே, அதனால் அதையும் சொல்லவில்லை. காலையில் வந்து அந்தத் தூணோரம் உட்கார்ந்துவிடுகிறாள். பிளாஸ்கில் காபி கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி தூணோரம் போய்விடுகிறாள். குடித்தேன். காபி மேல் எனக்கென்ன கோபம்?

நேற்று டாய்லெட்டுக்குப் போகிற வழியில் அவள் முணுமுணுப்பு காதில் விழுந்தது. மந்திரம் கிந்திரம் இல்லை. கடன்காரனிடம் தவணை கேட்கிற மாதிரி பேசிக்கொண்டிருக்கிறாள். "பைரவா, பையன் கல்யாணம் இப்போதைக்கு வேண்டாம். அது நடக்கும்போது நடக்கட்டும். அதுக்காக நான் கும்பிட்டதையெல்லாம் இவன் கணக்குல வெச்சுக்கோ." அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். மூன்று வருஷமாகப் பையனுக்காகக் கும்பிட்ட கும்பிடு சார். அத்தனையையும் என் நாயின் மூத்திரத்துக்கு மாற்றிவிட்டாள். பைத்தியக்காரி. நான் டாய்லெட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். கண்ணில் தூசி. இந்த ஆஸ்பத்திரியில் பெருக்குகிறார்களா இல்லையா என்றே தெரியவில்லை.

என்னவோ சார். இவன் வீட்டில் இல்லாமல் தாயுமானவன் நேற்று இட்லியைப் பிட்டு மேஜைக்குக் கீழே நீட்டியிருக்கிறார். வாங்க ஆள் இல்லை. கையை நீட்டியபடியே உட்கார்ந்திருக்கிறார். "எடுங்க கையை" என்று கத்தினேன். மனுஷன் என்னைப் பார்த்த பார்வை…

இருங்கள். ஏன் எழுந்திருக்கிறான்? ஹென்றி, என்னடா? தண்ணீர் வேண்டுமா? பிளாஸ்திரியை இழுக்காதே. ஸ்டே. ஹென்றி, ஸ்டே! கேட்கிறானா பாருங்கள். உங்கள் பொமரேனியன்கிட்டேதான் போகிறான், ஒன்றும் செய்ய மாட்டான், வெறுமனே முகர்ந்து பார்ப்பான். இல்லையே, உங்களைத்தான் முகர்கிறான். சார்… சார், அசையாதீர்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், காலை இழுத்துக்கொள்ளாதீர்கள். காலைத் தூக்குகிறான். ஐயோ, தூக்கிவிட்டான். மூச்சுகூட விடாதீர்கள் சார், நீங்கள் லைட் கம்பம் என்று நினைத்துக்கொள்ளுங்கள், ஒரே ஒரு நிமிஷம்…

கோமளா! ஏய் கோமளா! அங்கே என்னடி இன்னும் முணுமுணுப்பு, இங்கே ஓடி வா! பாருடி, ஸ்பூன் இல்லடி, குடம் குடமாப் போறான்! அழாதே, உன்னை அழவா கூப்பிட்டேன், டாக்டரைக் கூப்பிடு! இல்லை, நீ இங்கேயே இரு, என் கையைப் பிடிச்சுக்கோ. டாக்டர்! யாராவது டாக்டரைக் கூப்பிடுங்களேன்!

என்ன சார்? வேட்டியா? புது வேட்டியா? அது கிடக்கட்டும் சார். நிறுத்திவிட்டான் பாருங்கள், அந்த இன்னொரு காலையும் கொஞ்சம் இப்படி நகர்த்தி வையுங்கள்.